மேசை நகர்ந்த கோடை

அந்த வருடம் வெயிலும் போரும் ஒரே வாரத்தில் வீட்டுக்குள் வந்தன. வெயில் ஜன்னல் வழியாக வந்தது. போர் தொலைக்காட்சி வழியாக வந்தது. இரண்டையும் அக்கா கூப்பிடவில்லை. கூப்பிடாமல் வந்த விருந்தாளிகளை எப்படி அனுப்பிவைப்பது என்று அவளுக்கு எப்போதுமே தெரிந்ததில்லை.

தெருவில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். உண்மையில் அவள் ஒரே ஒருவனுக்குத்தான் அக்கா. தாய் தவறியபோது அவன் பள்ளிக்கூடப் பையன். அக்காவுக்குக் கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்கு வந்தபோது, பெட்டிகளோடு இன்னொரு பெட்டி மாதிரி அவனும் கூட வந்தான். இப்போது அவனுக்கு முப்பது வயது. மாடி அறையில் தங்கி, கீழே வந்து சாப்பிட்டு, அக்காவின் கணவருடைய மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலையைப் பார்த்துவந்தான். தெருவுக்கு அவன் தம்பி. அவள் கணவர் கண்ணாடிக்காரர்.

கண்ணாடிக்காரருக்கு ஆட்களின் பெயர் நிற்காது. எண் நிற்கும். "மைனஸ் நாலு வீட்டுக் கல்யாணத்துக்குப் போகணும்" என்பார். "ரெண்டரை இன்னிக்கு ரொம்ப இளைச்சுத் தெரிஞ்சார்" என்பார். அக்காவுக்கு வலது கண்ணுக்கு மூன்று, இடது கண்ணுக்கு ஒன்று. பெண் பார்க்க வந்த அன்றே அதைக் கவனித்துவிட்டதாக அவர் இன்றைக்கும் பெருமை அடித்துக்கொள்வார்.

அந்தக் கோடையில் உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் ஒரு பெரிய நாடும் ஒரு சின்ன நாடும் அடித்துக்கொண்டன. இரண்டின் பெயரையும் அக்காவால் தடுமாறாமல் சொல்ல முடியாது. கடையில் மச்சானும் மாப்பிள்ளையும் அதை நாள் முழுக்கப் பேசினார்கள். வேர்வை வழிய வழியப் பேசினார்கள். நாலு நாள் பேச்சாக இருந்தது ஐந்தாம் நாள் வாக்குவாதமானது.

"சின்ன நாடு பெரிய நாடு சொல்றதைக் கேட்டு நடந்தா சண்டையே வராது" என்றார் கண்ணாடிக்காரர், ஒரு சட்டத்தைத் துடைத்தபடி.

"அப்போ சின்னவன்னா வாயை மூடிக்கிட்டு இருக்கணுமா?" என்றான் தம்பி.

"நான் நாட்டைச் சொன்னேன் மாப்ளே."

"நானும் நாட்டைத்தான் சொல்றேன் மச்சான். இத்தனை வருசமா அது பெரிய நாடு சொன்ன இடத்துலதானே உக்காந்திருக்கு."

"உக்கார இடம் கொடுத்தாங்கல்ல, அதைச் சொல்லு."

இதற்குப் பிறகு எந்த நாட்டைப் பற்றியும் யாரும் பேசவில்லை. தம்பி எழுந்தான். அவன் வேலை மேசை மச்சானின் மேசைக்கு ஒட்டினாற்போல், தெருவைப் பார்த்தபடி இருந்தது. அதை இழுத்துக்கொண்டு போய் எதிர்ச் சுவரோரம் போட்டான். சுவருக்கு முதுகைக் கொடுத்து, மச்சானைப் பார்த்தபடி உட்கார்ந்தான். பார்த்தபடி என்றால் பார்ப்பதில்லை. முகம் மட்டும் அந்தப் பக்கம் இருந்தது.

அன்று முதல் இருவருக்கும் பேச்சு இல்லை.

கடையில் இருப்பது ஒரே ஒரு மின்விசிறி. முன்பு அது இரண்டு மேசைக்கும் சேர்த்து வீசியது. இப்போது தம்பி உட்கார்ந்த சுவருக்கு அது எட்டவில்லை. அவன் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருக்கும்போது தான் மட்டும் காற்று வாங்கக் கண்ணாடிக்காரருக்கு மனமில்லை. அதை அவன் பக்கம் திருப்பிவைக்கவோ ரோஷம் விடவில்லை. அதனால் விசிறியை நடுவில் திருப்பிவிட்டார். அது யாரும் இல்லாத நடுக்கடைக்கு நாள் முழுக்கக் காற்று வீசியது. குளிர்ச்சியாக இருந்தது கண்ணாடிச் சட்டங்கள் மட்டும்தான்.

பக்கத்து மருந்துக்கடைக்காரருக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு வாய்த்ததில்லை. "என்னக்கா, எல்லையில நிலைமை எப்படி இருக்கு?" என்று கேட்பார், அக்கா மதியச் சாப்பாடு கொண்டுபோகும்போது.

"நீங்க ஒருத்தர் போதும்" என்பாள் அக்கா.

"உலகத்துக்கு ஐ.நா. சபை இருக்கு. நம்ம தெருவுக்கு நீங்க இருக்கீங்க. அதுவும் ஒண்ணும் பண்றதில்ல, நீங்களும் ஒண்ணும் பண்றதில்ல."

அவர் சொன்னதில் தப்பில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அக்காவுக்கு இரண்டு பக்கமும் தூது. இரவுச் சாப்பாட்டில் மூவரும் ஒரே மேசையில்தான் உட்காருவார்கள்.

"நாளைக்கு அந்தச் சிவப்புச் சட்டம் ரெடியாகணும்னு மாப்பிள்ளைகிட்டச் சொல்லு" என்பார் கண்ணாடிக்காரர்.

"சாயந்தரமே ரெடி ஆயிடுச்சுன்னு சொல்லுக்கா" என்பான் தம்பி.

"நல்லா இருக்குன்னு சொல்லு."

"சந்தோஷம்னு சொல்லு."

அக்கா எதையும் திருப்பிச் சொல்வதில்லை. இடையில் உப்பை மட்டும் நகர்த்திவைப்பாள்.

இது இத்தோடு நின்றிருந்தால் அவளும் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் ஒரு நாள் காலை, மாடிப்படியில் நின்றுகொண்டு, செருப்பின் வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்தபடியே தம்பி சொன்னான்: "அக்கா, வேற ஊர்ல ஒரு பெரிய கடையில கூப்பிட்டிருக்காங்க. ஒண்ணாந்தேதி சேர்றேன்னு சொல்லிட்டேன். ரூமும் அங்கேயே பாத்துக்கிறேன்."

"மச்சான்கிட்ட?"

"நீயே சொல்லிடு."

அவள் சொன்னாள். கண்ணாடிக்காரர் "போகட்டும், நல்ல சம்பளமா இருக்கும்" என்றார். பிறகு தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துபோனார். வெயில் காலத்தில் பசி எடுக்காது என்று சொல்லிக்கொண்டார். வெயில் எத்தனை பழியைத்தான் தாங்கும்?

ஒண்ணாந்தேதிக்கு ஒரு வாரம்கூட இல்லை. அக்கா தினமும் விடியற்காலை சமையலறை ஜன்னலுக்கு முன் நின்று கும்பிடுவாள். வழக்கமாக அவளுடைய பிரார்த்தனை நீளமாக இருக்கும், தெருவில் பாதிப் பேர் அதில் வருவார்கள். இப்போது அது ஒரே வரியாகச் சுருங்கிவிட்டது. இவன் போகக் கூடாது.

அவளுக்கு இன்னொரு தொந்தரவும் இருந்தது. தலைசுற்றல். படி இருக்கும் உயரத்துக்குக் கூடுதலாகத் தெரிந்தது. டம்ளரில் ஊற்றிய தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் விழுந்தது. மாலையானால் புருவத்துக்கு மேல் ஒரு வலி உட்கார்ந்துகொண்டது. புதுக் கண்ணாடி போட்டுச் சில நாள்தான் ஆகிறது. அது ஒரு தனிக் கதை. சண்டைக்கு நடுவிலும் அவளுக்குக் கண்ணாடி மாற்றும் விஷயத்தில் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு உழைத்தார்கள். கண்ணாடிக்காரர் இரண்டு முறை கண் பரிசோதித்தார். தம்பி இருப்பதிலேயே இலேசான சட்டத்தைத் தேடி எடுத்து, முகத்துக்கு அழகாக இருக்கும்படி பொருத்தித் தந்தான்.

"தலை சுத்துதுங்க" என்றாள் கணவரிடம்.

"புதுக் கண்ணாடி. பழக நாலு நாள் ஆகும்" என்றார் அவர். கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி வாயில் ஊறிப்போன வாக்கியம்.

"தலை சுத்துதுடா" என்றாள் தம்பியிடம்.

"வெயில்க்கா. தண்ணி குடி."

மருந்துக்கடைக்காரரோ, "செய்தி பாக்கிறதை நிறுத்துங்க. உலகமே சுத்தும்போது உங்க தலை மட்டும் சுத்தாம இருக்குமா?" என்றார்.

அவளும் நம்பினாள். நம்பாமல் என்ன? தெருவில் பலர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூட வாசலில் கொடி காட்டிப் பிள்ளைகளைச் சாலை கடக்கவைக்கும் பெண், ஒரு நாள் மர நிழலில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்னம்மா?" என்று அக்கா கேட்டதற்கு, "வெயில்க்கா, வர்ற வண்டி தூரத்துல வருதா கிட்ட வருதான்னே தெரியல" என்று சிரித்தாள். அக்கா தன் கைப்பையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தாள். நல்ல காரியம் செய்த திருப்தியும் அவளுக்கு இருந்தது.

மறுநாள் காலை வேலையெல்லாம் முடித்து, உடம்பு தகித்ததால் அக்கா வெறுந்தரையில் ஒருக்களித்துப் படுத்தாள். வீட்டில் இருந்த குளிர்ச்சியெல்லாம் அந்தத் தரையில்தான் இருந்தது. கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக் கண்ணை மூடினாள். தொலைக்காட்சியில் யாரோ ஓர் ஆள் குண்டு விழுந்த இடத்தைப் பற்றி, சந்தையில் காய்கறி விலை சொல்கிற குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று "பேச்சுவார்த்தை" என்ற சொல் காதில் விழுந்தது. கடவுளே, நிறுத்திவிட்டார்களா என்று அவசரமாகக் கைநீட்டித் தடவி, கண்ணாடியை எடுத்துக் கண்ணுக்கு முன் பிடித்தாள்.

திரையின் அடியில் ஓடும் எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. பேச்சுவார்த்தை முறிந்தது என்று ஒவ்வோர் எழுத்தாக எண்ணிப் படிக்கலாம் போலிருந்தது. செய்தி துக்கமானது. ஆனால் இத்தனை தெளிவாக ஒரு துக்கச் செய்தியை அவள் பல நாளாகப் படிக்கவில்லை.

தலை சுற்றவில்லை. சுவரில் நாட்காட்டி தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணியின் கோடுகூடத் தெரிந்தது. அக்கா மெதுவாகக் கையை இறக்கிக் கண்ணாடியைப் பார்த்தாள். காதில் மாட்டும் கம்பிகள் மேல் பக்கமாக வளைந்திருந்தன. அவசரத்தில் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

நேராகத் திருப்பி மாட்டினாள். தலை சுற்றியது. தலைகீழாகப் பிடித்தாள். உலகம் சரியாக இருந்தது. மறுபடி நேராக. மறுபடி தலைகீழாக. தனியாக இருக்கிறோம் என்ற தைரியத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். தலைகீழாகப் பிடித்தால் வலது பக்கத்து லென்ஸ் இடது கண்ணுக்குப் போகும், இடது பக்கத்து லென்ஸ் வலது கண்ணுக்கு வரும். கண்ணாடிக்காரரோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு இது தெரியாதா? லென்ஸ்கள் மாறியிருக்கின்றன.

சிரிப்பு பாதியில் நின்றது.

எப்படி மாறியது என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கடையில் ஒரு வழக்கம் உண்டு. கண்ணாடிக்காரர் லென்ஸ்களைத் தேர்ந்து, இரண்டு குழி உள்ள ஒரு சின்னத் தட்டில் வைப்பார். வலது கண்ணுக்கானது வலது குழியில், இடது கண்ணுக்கானது இடது குழியில். லென்ஸ் உறையில் எண் மட்டும்தான் இருக்கும். எந்தக் கண் என்பதைத் தட்டுதான் சொல்லும். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி பக்கம் தட்டை நகர்த்திக்கொண்டே, "வலது மூணு, இடது ஒண்ணு" என்று வாயாலும் சொல்வார். இருவரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தபோது ஒருவருக்கு வலது இன்னொருவருக்கும் வலதுதான்.

இப்போது மேசை எதிர்ச் சுவருக்குப் போய்விட்டது. அவர் எழாமலே தட்டைத் தன் மேசையின் முன் விளிம்புக்குத் தள்ளுகிறார், இவன் எதிரிலிருந்து வந்து எடுத்துக்கொள்கிறான். அவருடைய வலது இவனுக்கு இடது. வாயால் சொல்வதும் நின்றுபோயிற்று. வேலை முடிந்த கண்ணாடியை முன்பெல்லாம் அவர் ஒரு முறை கருவியில் வைத்துப் பார்ப்பார். இப்போது பார்த்தால், மச்சான் தன்னைச் சந்தேகப்படுகிறார் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொள்வானோ என்று பார்ப்பதில்லை. பேசாத ஆளிடம் காட்டுகிற மரியாதை அது. பேசுகிற ஆளிடம் இத்தனை மரியாதை தேவைப்படுவதில்லை.

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். சொன்னால் என்ன நடக்கும்? "இத்தனை வருசம் பார்த்த வேலையில வலது இடது தெரியலையா" என்று அவர் கேட்பார். "தட்டைத் திருப்பித் தள்ளத் தெரியலையா" என்று இவன் கேட்பான். ஒண்ணாந்தேதி போகிறவன் இன்றைக்கு மாலையே பெட்டியைத் தூக்குவான். போனால் திரும்பவும் மாட்டான், ரோஷக்காரன்.

சொல்லாமல் இருந்தால்? அவளுக்கென்ன, தலைசுற்றல்தானே. வேறு தெருவில் ஒரு கண்ணாடிக் கடை இருக்கிறது. சத்தமில்லாமல் அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் வீட்டுக்குள் தலைகீழாகவே போட்டுக்கொள்ளலாம். குடும்பத்துக்காக மனிதர்கள் எதையெல்லாம் தாங்குகிறார்கள். தான் ஒரு நல்ல பெண் என்று அவள் தன்னையே கொஞ்சம் மெச்சிக்கொள்ளத் தொடங்கினாள். அந்த நேரம் பார்த்து, மர நிழலில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளின் முகம் மனதில் வந்து நின்றது.

அவள் போட்டிருந்ததும் புதுக் கண்ணாடி. அக்காவின் வீட்டுக் கடையில் வாங்கிய கண்ணாடி. வர்ற வண்டி தூரத்துல வருதா கிட்ட வருதான்னே தெரியல.

அக்கா ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றாள். "நான் ஒண்ணு கேட்டேன், நீ ஒண்ணு காட்டறே" என்று கடவுளிடம் குறைப்பட்டுக்கொண்டாள். சரி என்று சாப்பாட்டுப் பாத்திரத்தைக்கூட எடுக்காமல் கடைக்குக் கிளம்பினாள். செருப்பை வலது இடது பார்த்துத்தான் போட்டுக்கொண்டாள்.

கடையில் விசிறி நடுக்கடைக்கு வீசிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் இரண்டு பேர் வேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குக் கண் பாருங்க" என்று சொல்லிப் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இப்பத்தானேம்மா பாத்தேன்."

"இன்னொரு தரம் பாருங்க. காசு வாங்கிக்கோங்க."

கண்ணாடிக்காரர் எழுத்துப் பலகையின் விளக்கைப் போட்டார். அக்கா கண்ணாடி போட்டபடி படித்தாள். மூன்றாவது வரியில் தடுமாறி நின்றாள். தம்பி வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான். அக்கா கண்ணாடியைக் கழற்றினாள், தலைகீழாகத் திருப்பினாள், கம்பிகள் காதுக்கு மேல் கொம்பு மாதிரி நிற்க மூக்கில் வைத்துப் பிடித்துக்கொண்டு கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தாள். கீழே அச்சகத்தின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. அதையும் படித்தாள்.

தம்பி முதலில் சிரித்தான். பிறகு கண்ணாடிக்காரரும் சிரித்தார். இருவரும் ஒரே விஷயத்துக்கு ஒரே நேரத்தில் சிரித்து வெகு நாளாயிற்று. அது முடிவதற்குள் இருவருக்கும் விஷயம் புரிந்தது.

"யார் தப்புன்னு கேக்க நான் வரல" என்றாள் அக்கா. குரல் அவள் நினைத்த அளவு உறுதியாக இல்லை. "ஸ்கூல் வாசல்ல கொடி பிடிக்கிற பொண்ணும் நம்ம கண்ணாடிதான் போட்டிருக்கு. அதுக்கும் தலை சுத்துது. அதைச் சொல்லத்தான் வந்தேன். இனி நீங்க சண்டை போட்டுக்கோங்க. போறவங்க போங்க." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். கேட்கக் கூடாததைக் கேட்காமலிருக்கக் காதைத்தான் மூடியிருக்க வேண்டும். அவசரத்தில் கண்ணை மூடிவிட்டாள்.

"தட்டைத் தள்ளினது நான்தான்" என்றது கண்ணாடிக்காரரின் குரல். "நீ எதிர்ல உக்காந்திருக்கேன்னு தெரியும். திருப்பித் தள்ளியிருக்கணும்."

"மேசையை நகர்த்தினது நான்தானே மச்சான்" என்றது தம்பியின் குரல்.

"நீ நகர்த்துற மாதிரிப் பேசினது யாரு?"

"பேசினா, அதுக்குப் போய் நான் கோவிச்சுக்கிறதா?"

"உனக்குக் கோவம் வராதா பின்ன? உக்கார இடம் கொடுத்தேன்னு நான் சொல்றது ஒரு மனுசன் பேசுற பேச்சா?"

"நீங்க நாட்டைத்தான் சொன்னீங்க."

"நாட்டைச் சொல்லல மாப்ளே. உன்னைத்தான் சொன்னேன். சொன்னது தப்பு."

"சரி மச்சான், அது இருக்கட்டும். தப்பு என் மேலதான்."

"ஏன், என் மேல இருக்கக் கூடாதா?"

குரல் உயர்ந்ததைக் கேட்டு மருந்துக்கடைக்காரர் எட்டிப்பார்த்தார். "என்னக்கா, மறுபடியும் ஆரம்பிச்சாச்சா?"

"தப்பு யாருதுன்னு சண்டை" என்றாள் அக்கா, கண்ணைத் திறந்து.

"அது பழைய சண்டைதானே."

"இல்லீங்க. இப்போ ரெண்டு பேரும் என்னுது என்னுதுங்கிறாங்க."

"அடடா" என்றார் அவர், நல்ல நாடகம் ஒன்று முடியப்போகிற வருத்தத்தோடு. "இந்த மாதிரிச் சண்டை செய்தியில வர்றதில்லையே."

கண்ணாடிக்காரர் விரல் விட்டு எண்ணினார். மேசை நகர்ந்த பிறகு கண்ணாடி வாங்கியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு கண்ணும் ஒரே எண். அவர்களுக்குப் பயமில்லை. இரண்டு கண்ணும் வேறு வேறு எண் உள்ளவர்கள், அக்காவைத் தவிர, மூன்று பேர். "ரெண்டும் நாலும், அது கொடிப் பொண்ணு. ஒண்ணும் மூணரையும், அது பேக்கரிக்காரர். அப்புறம்..." இங்கே அவர் குரல் தணிந்தது. "ஆறும் எட்டும்."

"டீச்சரா?" என்றான் தம்பி. அவனுக்கும் முகம் வாடியது.

மதியம் பள்ளிக்கூடம் விடுவதற்குள் போயாக வேண்டும். அவர் பரிசோதனைப் பெட்டியை எடுத்துக்கொண்டார். கடையில் ஒரு குடைதான் இருந்தது. மச்சானும் மாப்பிள்ளையும் அதன் கீழ் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நடந்தார்கள். அக்கா கைப்பையிலிருந்த பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னால் போனாள். ஆளுக்கு ஒரு பக்கம் அவள் மேல் குடை பிடிக்கப் பார்த்தார்கள். அப்படிச் செய்தபோது மூவர் மேலும் வெயில் அடித்தது. அதனால் அந்த யோசனை கைவிடப்பட்டது.

பள்ளிக்கூட வாசலில் அப்போதுதான் மணி அடித்தது. கொடிப் பெண் நெற்றியைச் சுருக்கியபடி சாலையோரம் நின்றிருந்தாள். தம்பி ஓடிப்போய், "கொஞ்சம் அதை இப்படிக் கொடுங்க" என்று கொடியை வாங்கிக்கொண்டான். வாங்கியவன் நடுச்சாலையில் நின்று, வந்த லாரி, பேருந்து எல்லாவற்றையும் நிறுத்திவைத்துவிட்டான். பிள்ளைகள் கடந்து முடிந்த பிறகும் வண்டிகளை விடவில்லை. ஓட்டுநர்கள் ஹாரன் அடித்தார்கள். இதற்குள் கண்ணாடிக்காரர் மர நிழலில் அவளை நிறுத்தி, எதிர்க்கடைப் பெயர்ப்பலகையைப் படிக்கச் சொன்னார். பிறகு கண்ணாடியைத் தலைகீழாகப் பிடித்துப் படிக்கச் சொன்னார்.

"ஐயோ, தெரியுதே" என்றாள் அவள். "நான் வெயிலைத் திட்டிக்கிட்டு இருந்தேன்."

"எங்களைத் திட்டும்மா" என்றார் கண்ணாடிக்காரர். "பழைய கண்ணாடி இருக்கா?"

பையில் இருந்தது. அதை மாட்டிக்கொண்டு அவள் போய்த் தம்பியிடமிருந்து கொடியைப் பிடுங்கினாள். "இப்படி நிறுத்தினா சாயந்தரம் வரைக்கும் யாரும் வீடு போக முடியாது. நாளைக்குக் காலையில கண்ணாடி வந்தா போதும், நீங்க வர வேண்டாம்" என்றாள். தம்பி அசடு வழிந்தான். அக்காவுக்கு அவன் பள்ளிக்கூடப் பையனாகவே தெரிந்தான். அவள் கண்ணிலும் அப்போது பழைய கண்ணாடிதான் இருந்தது.

பேக்கரிக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. "அதான் ரொட்டி ஒரு பக்கம் கருகுது. நான் அடுப்பைப் பழுது பாக்க ஆள் கூப்பிட்டேன்" என்று சொல்லி, கருகின ரொட்டியில் இரண்டை அவர்களிடமே கொடுத்தனுப்பினார். அதை மறுக்கும் தகுதி தங்களுக்கு இல்லையென்று இருவரும் வாங்கிக்கொண்டார்கள்.

டீச்சர் வீடு தெருக்கோடியில் இருந்தது. டீச்சர் ஓய்வு பெற்று வெகு காலமாயிற்று, ஆனால் அது அவர் குரலுக்குத் தெரியாது. கதவைத் திறந்து, இருவரையும் ஏற இறங்கப் பார்த்து, விஷயத்தைக் கேட்டார். இருவரையும் உட்காரச் சொல்லவில்லை. அக்காவை மட்டும் உட்காரச் சொன்னார்.

"ரெண்டு பேரும் நேரா நில்லுங்க. யார் தப்பு?"

"என் தப்பு டீச்சர்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"ஒண்ணா மனப்பாடம் பண்ணிட்டு வந்தீங்களா?" என்றார் டீச்சர். "இத்தனை நாளா எனக்கு வயசாகிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். உயில் எழுத வக்கீலை வேற வரச் சொல்லிட்டேன்." திட்டுவதற்கு இன்னும் நிறைய இருப்பதுபோல வாயைத் திறந்தவர், வேர்வையில் நனைந்து ஒட்டிப்போன அவர்கள் சட்டைகளைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, உள்ளே போய் மூன்று டம்ளர் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்தார். "குடிங்க. எப்போ தருவீங்க?"

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். டீச்சரின் எண் பெரிய எண். அந்த லென்ஸ் கடையில் கையிருப்பில் இருக்காது, வெளியூருக்குச் சொல்லி அனுப்பித்தான் வர வேண்டும். ஒண்ணாந்தேதிக்குள் வராது. கண்ணாடிக்காரரும் அதைத்தான் நினைத்தார் போலிருக்கிறது. சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்தார்.

தம்பிதான் பதில் சொன்னான். "இன்னிக்கே சொல்லி அனுப்பறோம் டீச்சர். அடுத்த மாசம் அஞ்சாந்தேதி கடைக்கு வாங்க. நானே பொருத்தி, மச்சான்கிட்டச் சரி பாத்து, அப்புறம் உங்க கையில தர்றேன்."

கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எட்டாந்தேதின்னு வெச்சுக்கலாம் மாப்ளே."

"எதுக்கு மச்சான்? அஞ்சாந்தேதிக்குள்ள வந்துருமே."

"வெயில் காலம். லாரி மெதுவாத்தான் வரும்."

"வெயிலுக்கும் லாரிக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்றார் டீச்சர்.

"இருக்கு டீச்சர்" என்றார் கண்ணாடிக்காரர். "பத்தாந்தேதியே வாங்களேன்."

"விட்டா கார்த்திகை தீபம் வரைக்கும் என்னை அலையவிடுவீங்க போல. அஞ்சாந்தேதி. எழுதிக்கோங்க."

"எழுத வேண்டாம் டீச்சர். ஞாபகம் இருக்கும்" என்றான் தம்பி. யாரையும் பார்க்காமல், காலி டம்ளரைப் பார்த்துக்கொண்டு அடுத்ததைச் சொன்னான். "அக்கா, அந்த வெளியூர்க் கடைக்காரருக்கு நான் ஒரு போன் பண்ணிச் சொல்லிடணும். ஞாபகப்படுத்து."

"ஞாபகப்படுத்தறேன்" என்றாள் அக்கா. தெருவில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும்போல் இருந்தது. மெதுவாகத்தான் சொன்னாள்.

வெளியே வந்தபோது வெயில் கொஞ்சமும் குறைந்திருக்கவில்லை. முன்னால் போன இருவரும் குடைக்குள் எதையோ காரசாரமாகப் பேசிக்கொண்டு போனார்கள். காதைக் கொடுத்துக் கேட்டாள். மறுபடியும் அந்தப் பெரிய நாடு, சின்ன நாடுதான். "நீங்க சொல்றது தப்பு மச்சான்." "நீ முதல்ல முழுசாக் கேளு மாப்ளே." பேசட்டும் என்று நினைத்தாள். பேசுகிறவர்கள் தட்டைத் தள்ளும்போது வலது இடதையும் சொல்லிவிடுவார்கள்.

காலையில் செய்த பிரார்த்தனைக்கு ஒரு நன்றி பாக்கி இருந்தது. வீடு போய்ச் சேரும்வரை காத்திருக்காமல் நடந்துகொண்டே அதைச் சொன்னாள். இப்போதுதான் ஒன்று கிடைத்திருக்கிறது, உடனே இன்னொன்று கேட்பது நன்றாயிருக்குமா என்று சற்றுத் தயங்கினாள். பிறகு, கேட்கிறவளுக்கு வெட்கம் இருந்தாலும் கொடுக்கிறவனுக்குக் கணக்கு இல்லை என்று தைரியமடைந்து, அந்த இரண்டு நாடுகளின் பெயரையும் சேர்த்துக்கொண்டாள். உச்சரிப்பு சரியாக வரவில்லை. கடவுள் கண்டுபிடித்துக்கொள்வார் என்று விட்டுவிட்டாள்.